ஓசெல் தூக்கிய பெட்டி

என் வீட்டுக்காரர் கிளீவ் நல்ல மனிதர்தான். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு என்னைவிட முன்னால் கிளம்பி வாசலில் நிற்பார். ஃபிலடெல்ஃபியாவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் ஜெர்மன்டவுன் பக்கம் பாதிப் பேருக்கு அவர் ஓட்டிய பஸ்ஸைத் தெரியும், மீதிப் பேருக்கு அவர் வாசிக்கிற ஜாஸ் கிட்டாரைத் தெரியும். எல்லாம் சரி. ஆனால் அவருக்கு ஒரு பெட்டி இருந்தது. சக்களத்தி மாதிரி அதோடுதான் நான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேன்.

கிட்டாரின் ஒயரைச் செருகினால் சத்தத்தைப் பெரிதாக்கித் தருகிற ஆம்ப்ளிஃபயர் அது. அந்தக் கால ரேடியோவில் இருந்ததே, அதே மாதிரி வால்வுகள் உள்ளே இருக்கும். அதோடு இரும்புக் கட்டிகளாக இரண்டு ட்ரான்ஸ்ஃபார்மர், தாம்பாளம் அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர், எல்லாவற்றையும் சுற்றிக் கனத்த பலகை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. கூடத்தைப் பெருக்க அதை நகர்த்தப் போய் ஒரு தடவை கால் கட்டைவிரல் நகமே பெயர்ந்துவிட்டது. அப்போதும் அவர் பெட்டியைத்தான் குனிந்து பார்த்தார்.

"காலத்துக்கேத்த மாதிரி டிரான்சிஸ்டர்ல ஒண்ணு வாங்கக் கூடாதா? இப்ப எல்லாம் லேசா வருதாமே" என்று கேட்டால் போதும், பிரசங்கம் ஆரம்பித்துவிடும்.

"வால்வுக்குத்தான் உயிர் இருக்கு வெர்டீன். டிரான்சிஸ்டர்ல வர்றது செத்தவன் பேசுற மாதிரி இருக்கும். உனக்கு முடி வெட்டத் தெரியும், அதைப் பாரு."

முடி வெட்டத் தெரியும்தான். எங்கள் வீட்டு முன்னறையில்தான் என் கடை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த பெண்களின் கதை ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். என் வீட்டுக் கதைதான் எனக்குத் தாமதமாகத் தெரிந்தது.

உயிருள்ள அந்தப் பெட்டியை அவர் தூக்கினாரா என்றால், அதுதான் இல்லை. பஸ் சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து அவர் முதுகு எப்போதோ போய்விட்டது. தூக்கியது என் தம்பி ஓசெல்.

ஓசெல் அதே குழுவில் சாக்ஸஃபோன் ஊதுகிறவன். வாசிக்கிறவர்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. டிரம் அடிக்கிறவனுக்கு அவன் மூட்டை முடிச்சே பெரும்பாடு. ஆர்கன் வாசிக்கும் வின்ஃப்ரெட்டுக்கு முழங்கால் இரண்டும் இருந்தும் இல்லாத கணக்கு. ஊதுகிறவனுக்கு மட்டும்தான் வாத்தியம் முதுகில் ஒரு பையோடு முடிந்துபோகும், இரண்டு கையும் சும்மா இருக்கும். சும்மா இருக்கிற கைதான் கனத்ததைத் தூக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை, அப்படியே நடந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று ஒரு பேச்சு உண்டே, அந்தக் கதைதான்.

மாதம் ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்ததும், சகோதரர் சங்கத்து மண்டபத்தில் மத்தியானக் கச்சேரி. கீழே மீன் பொரியும். மேலே மாடியில்தான் மேடை. படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம் வேறு. பெட்டியை அங்கேயே விட்டு வைக்கலாம் என்றால், அந்த மண்டபத்தில் விட்ட குடைகூடத் திரும்பி வந்ததில்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் காரிலிருந்து மேலே, மேலேயிருந்து காருக்கு. ஓசெல் இரண்டு கையாலும் அதை வயிற்றோடு அணைத்து ஏறுவான். கிளீவ் பின்னாலேயே கிட்டாரை எடுத்துக்கொண்டு, "சுவரு, சுவரு! பாத்து மச்சான், மூலை இடிக்குது" என்று சொல்லிக்கொண்டே ஏறுவார்.

மேலே போய் சுவிட்சைப் போட்டதும் ஓசெல் சொல்வான், "நல்லா சூடேறட்டும் மாமா. வால்வாச்சே, அவசரப்படாதீங்க."

கிளீவுக்கு அதைக் கேட்டால் ஆனந்தம். தன் பெட்டியின் அருமை தெரிந்த ஒரே ஆள் என்று மச்சானை மெச்சிக்கொள்வார். சூடேறுகிற நேரத்தில் கீழே இறங்கி ஒரு தட்டு மீனும் கீரையும் சோள ரொட்டியும் சாப்பிட்டு, நாலு பேரிடம் கதை பேசிவிட்டு வருவார். ஓசெல் மாடிப்படி உச்சியில் தனியாக உட்கார்ந்திருப்பான். நான் அவனுக்குத் தட்டு கொண்டுபோனால், "அப்புறம் அக்கா" என்பான்.

ஒரே ஒரு தடவை அவன் வாய் திறந்தான். யாரோ லேசான டிரான்சிஸ்டர் பெட்டியில் அருமையாக வாசித்ததைக் கேட்டதாகவும், ஒரு நாள் போய்ப் பார்க்கலாமா என்றும் மெதுவாகக் கேட்டான். கிளீவ் அப்போது சிரித்துவிட்டு மேடைக்குப் போய், மைக்கில், "என் மச்சானுக்கு வயசாயிடுச்சாம்! பெட்டி கனக்குதாம்! பாவம், ஒரு கை தட்டுங்க" என்றார். மண்டபமே கொல்லென்று சிரித்தது. ஓசெலும் சிரித்தான், எழுந்து குனிந்து வணக்கம்கூட வைத்தான். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

போன வசந்தத்தில் ஒரு ஞாயிறு. படித் திருப்பத்தில் ஓசெல் நின்றுவிட்டான். பெட்டியைச் சுவரோடு முட்டுக் கொடுத்து, ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்தான்.

"என்னடா?" என்றேன் கீழேயிருந்து.

"ஒண்ணுமில்லக்கா. பிடிச்சுக்கிச்சு."

ஏறிவிட்டான். பெட்டியை வைத்தான். சூடேறட்டும் என்றான். கிளீவ் மீன் சாப்பிட்டு வந்தார். வாசிக்க ஆரம்பித்தார்கள். இரண்டாவது பாட்டில் ஓசெல் தனியாக ஊதுகிற இடம் வந்தது. அவன் ஒரு நீளமான ஸ்வரத்தைப் பிடித்து மேலே கொண்டுபோனான். பாதியில் அது அறுந்தது. வாத்தியத்தை இறக்கினான், கிளீவ் பக்கம் திரும்பி, தலையை அசைத்தான்.

ஜாஸ் வாசிக்கிறவர்களுக்கு அந்தத் தலை அசைப்புக்கு ஒரே அர்த்தம்தான். 'என் பங்கு முடிந்தது, இனி நீ எடுத்துக்கொள்.' கிளீவ் எடுத்துக்கொண்டார். ஓசெல் மேடையின் ஓரத்துத் திரைக்குப் பின்னால் போனதை, தனக்காக ஒதுங்கி இடம் விட்டதாக நினைத்துக்கொண்டார். ஒரு சுற்று வாசித்தார். மண்டபம் "ஆங்! ஆங்! விடாதே!" என்று கூவியது. இன்னொரு சுற்று. அதற்கும் மேல் ஒன்று. அவர் வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை, நான் சத்தியம் செய்வேன். பெண்கள் எழுந்து நின்று கைக்குட்டையை ஆட்டினார்கள். நானும் எழுந்து நின்று தட்டினேன்.

திரைக்குப் பின்னால் ஓசெல் தரையில் சுருண்டு கிடந்தான். சமையற்கட்டிலிருந்து வந்த பெண்தான் பார்த்து அலறினாள்.

குடலிறக்கம். இறங்கிய குடல் முறுக்கிக்கொண்டுவிட்டது என்றார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் தப்பியிருக்க மாட்டான் என்று சொல்லி, உடனே உள்ளே கொண்டுபோய் அறுத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓசெலின் மனைவி லவான் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வாங்கண்ணே. பெட்டி பத்திரமா இருக்கா? கீறல் ஒண்ணும் விழலியே?"

கிளீவ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"லவான், நான் வந்து..."

"ராத்திரியெல்லாம் இடுப்புல வெந்நீர்ப் பை வச்சுப் படுப்பாரு. 'மாமாகிட்ட சொல்லுங்க'ன்னா, 'விடுடி, சொல்றதைவிடப் பெட்டியத் தூக்கறதுதான் எனக்குச் சுலபம்'பாரு. நான் என்ன பண்ணட்டும்? உங்களுக்கு என் புருஷன் மச்சானா, மூட்டை தூக்குறவரா? அண்ணி, நீங்களாவது சொல்லுங்க."

நான் என்ன சொல்ல? என் கூடப் பிறந்தவன் உள்ளே கிடக்கிறான், என்னைக் கட்டிக்கொண்டவர் எதிரே தலை குனிந்து நிற்கிறார். அன்றைக்கு லவான் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துக் கேட்டிருந்தாலும் தகும்.

மண்டபத்து மேடையில் கிடந்த பெட்டியை டிரம்காரனும் இன்னொரு ஆளும் சேர்ந்து மறுநாள் எங்கள் வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள். வழியில் நாலு இடத்தில் இறக்கி இறக்கி வைத்தார்களாம். டிரம்காரன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "இதையா ஓசெல் ஒத்தை ஆளா தூக்கினாரு? அண்ணே, இனிமே என்னைக் கூப்பிடாதீங்க. நான் பிள்ளை குட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டுப் போனான். விளையாட்டாகத்தான் சொன்னான். கிளீவ் அன்று சாப்பிடவில்லை.

ஓசெல் பிழைத்து வீட்டுக்கு வந்தான். கனம் தூக்கக் கூடாது, டாக்டர் சொல்கிற வரைக்கும் ஊதவும் கூடாது. ஊதும்போது வயிற்றில்தானே அவ்வளவு அழுத்தமும் விழுகிறது. ஊதாத ஓசெலைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் வாத்தியம் இல்லாமலே விரல்களை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பான். கிளீவ் வாரா வாரம் போய்ப் பார்ப்பார். போனால் பேசுவது பேஸ்பால் ஆட்டம் மட்டும். மன்னிப்பு என்கிற வார்த்தை அவர் தொண்டை வரை வரும், அதற்கு மேல் வராது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதை நான் எங்கள் சாப்பாட்டு மேஜையில் தினமும் பார்த்தேன். கிட்டாரைத் தொடவில்லை. பெட்டியின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடி வைத்தார்.

ஒரு நாள் தானாகவே சொன்னார்.

"நான் அவ்வளவு நல்லா வாசிச்சேனே வெர்டீன். அதுதான் என்னால தாங்க முடியல. அவன் துடிச்சுக்கிட்டுக் கிடக்குறான், எனக்குக் கைதட்டுறாங்க."

நானும் தட்டினேன் என்பது அவருக்குத் தெரியும். சொல்லிக்காட்டவில்லை.

கோடை முடிகிற சமயம் ஓசெலிடமிருந்து போன் வந்தது. குரலில் பழைய துள்ளல்.

"மாமா! டாக்டரு ஊதலாம்னுட்டாரு. சங்க ஆண்டு விழாவுக்கு நான் வர்றேன். பெட்டிய மேல ஏத்தணுமில்ல, கொஞ்சம் முன்னாடியே வந்துடறேன்."

கிளீவ் போர்வை மூடிய பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "நான் வாசிக்கல மச்சான். நிறுத்திட்டேன்" என்றார்.

"என்ன மாமா பேசறீங்க? நீங்க வாசிக்கலன்னா நான் யாருக்காக ஊதறது? லவான் பாத்திரம் கழுவுறதுக்கா?"

போனை வைத்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "நீங்க வாசிக்கலன்னா அவன் ஊத மாட்டான். நீங்க இந்தப் பெட்டியோட போனா அவன் கை சும்மா இருக்காது, கண்டிப்பாத் தூக்குவான். அவனைத் தெரியாதா? லேசா ஒண்ணு பாருங்க. உங்க வால்வுக்கு உயிர் இருந்தா என் தம்பிக்கும் ஒரு உயிர் இருக்கு."

மறு பேச்சில்லாமல் கிளம்பினார். கிட்டாரை எடுத்துக்கொண்டு நானும் அவரும் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரு பெட்டியில் மேல் கம்பியைத் தொட்டாலே கண்ணாடி உடைகிற சத்தம். இன்னொன்று குட்டிப் பெட்டி, ஸ்பீக்கரும் குட்டி, குழாய்க்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. மற்றொன்றில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினதும் உள்ளே கூடாக இருக்கிற அவருடைய கிட்டார் ஊளையிட ஆரம்பித்தது. இவற்றை எல்லாம் அவர் பொறுமையாக வாசித்துப் பார்த்து, நிதானமாகக் குறை சொன்னார்.

கடைசிக் கடையில் இருந்த பெண் விவரம் தெரிந்தவள். "ஜாஸ்தானே சார் வாசிக்கிறீங்க? ராக்குக்காரங்க மாதிரி உங்களுக்குக் கரகரப்பு வேண்டாமே. டிரம்மோட சேர்ந்து சத்தமா வாசிச்சாலும் சுத்தமா வரணும், அவ்வளவுதானே? இதைப் பாருங்க" என்று ஒரு டிரான்சிஸ்டர் பெட்டியை ஒற்றைக் கையால் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்குகிற மாதிரிதான் எடுத்தாள்.

அவர் வழக்கம் போலக் கிட்டாரின் குமிழைத் திருகிச் சத்தத்தின் கூர்மையைக் குறைத்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி வாசித்தார். எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. ஆனால் அந்த மனிதரின் தோளை எனக்குத் தெரியும். நன்றாக வாசிக்கும்போது இறங்குகிற அந்தத் தோள் இறங்கிற்று. தடித்த கம்பி கனிவாகப் பேசியது, ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக விழுந்தது. கண்ணைத் திறந்தார். முகம் செத்துப்போயிற்று.

"வேண்டாம்" என்று ஒயரைப் பிடுங்கினார்.

"எது சரியில்ல சார்?"

"வேண்டாம்மா. விடு."

கடை வாசலைத் தாண்டியதும் வேகமாக முன்னால் நடந்தார். நான் விடவில்லை. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்னாளாம். அந்தப் பெட்டிக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டேன். கெட்டதை எல்லாம் அவ்வளவு நேரம் எடுத்து மறுத்தவர் நல்லதை ஏன் இவ்வளவு அவசரமாக மறுத்தார் என்பதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு நானே போனேன். பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்றாள் அந்தப் பெண். வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் இறங்கிக் கீரையும் வாங்கினேன். ஒரு கையில் ஆம்ப்ளிஃபயர், ஒரு கையில் கீரைப் பை. வாசல் படியில் நான் ஏறி வருவதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூட்டு வலிக்காரி, அறுபது தாண்டியவள், ஒற்றைக் கையில் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். கதவைத் திறந்தவர் வாங்கிக்கொள்ளக்கூட இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"என்னங்க? இது நல்லா இல்லையா? உண்மையச் சொல்லுங்க."

"நல்லா இருக்கு."

"அப்புறம் ஏன் வேண்டாம்?"

"நல்லா இருக்கிறதாலதான்!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அபூர்வம். "இது மோசமா இருந்தா, பெட்டி கனமா இருந்ததுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, அவன் சுமந்ததுக்கு ஒரு காரணம் இருந்துச்சுன்னு நான் நிம்மதியா இருக்கலாம். இது நல்லா இருந்தா, நான் எதுக்குடி உன் தம்பியச் சுமக்க வச்சேன்? சொல்லு, எதுக்கு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது. "எதுக்குன்னா, நீங்க ஒரு நாளும் அதைத் தூக்கினதில்ல, அதனால. இப்ப அழுது என்ன ஆகப்போகுது? உங்களுக்கு மனசு ஆறணும்னு அவன் மறுபடியும் அதைத் தூக்கணுமா?" என்றேன்.

நான் கீரையை ஆய உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து கூடத்தில் கிட்டார் சத்தம் கேட்டது. போய்ப் பார்க்கவில்லை. வாசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆண்டு விழா ஞாயிறு. மண்டபத்து வாசலில் எங்கள் கார் நிற்பதற்கு முன்பே ஓசெல் அங்கே நின்றான், முதுகில் சாக்ஸஃபோன் பை, இரண்டு கையும் சும்மா. பக்கத்தில் லவான், கையைக் கட்டிக்கொண்டு, என்ன நடக்கிறது பார்ப்போம் என்கிற முகம்.

"மச்சான், நீ தொடாதே! நானே எடுத்துக்குறேன்" என்று கிளீவ் காரை விட்டு இறங்குவதற்குள் ஓசெல் பின் கதவைத் திறந்துவிட்டான். உள்ளே பார்த்தான். போர்வையை நகர்த்தி இன்னொரு தடவை பார்த்தான்.

"பெட்டி எங்க மாமா?"

"அதான் பெட்டி."

ஓசெல் அதன் பிடியில் கையை வைத்து, பழைய பழக்கத்தில் காலை அகட்டி, மூச்சை இழுத்துப் பிடித்துத் தூக்கினான். அது பட்டென்று மேலே வந்த வேகத்தில் அவனே பின்னால் ஓர் அடி தடுமாறினான். கையில் தொங்குகிறதை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தான். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான்.

"இவ்வளவுதானா மாமா?"

குத்திக்காட்டுகிற பேச்சில்லை. என் தம்பிக்கு அது வராது. நிஜமாகவே அதிசயப்பட்டுக் கேட்டான். லவான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கிளீவ் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவுதான் மச்சான்" என்றார்.

ஓசெல் அதை எடுத்துக்கொண்டு படியேறினான். திருப்பத்தில் நிற்கவே இல்லை. நின்றது கிளீவ்தான். சுவரில் அந்த இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து ஒரு குழி. பெட்டியின் மூலை பட்டுப் பட்டு ஆன குழி. அவர் அதில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். நான் பின்னாலிருந்து, "ஏறுங்க, மீன் ஆறுது" என்று சும்மா எதையோ சொன்னேன்.

மேடையில் ஒயரைச் செருகிச் சுவிட்சைப் போட்டார். ஓசெல் வழக்கம் போல, "நல்லா சூடேறட்டும் மாமா" என்றான்.

"இதுக்குச் சூடேற வேண்டாம் மச்சான். டிரான்சிஸ்டர். போட்ட உடனே பேசும்."

"அடப்பாவமே! அப்ப நான் மூச்சு வாங்க நேரம்?" என்று கேட்டுவிட்டு ஓசெல் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கிளீவ் அவனையே பார்த்தார். "அப்ப அத்தனை வருஷமும்... வால்வு சூடேறத்தான்னு நினைச்சேனே. நான் கீழ போயி மீன் தின்னுக்கிட்டு இருந்தேனே மச்சான்."

"வால்வும் சூடேறும்ல மாமா. விடுங்க."

"மைக்ல எல்லாருக்கும் முன்னாடி நான்..."

"மைக்ல ஏதாச்சும் பேசினீங்க, நான் இறங்கி வீட்டுக்குப் போயிடுவேன். சத்தியமா. வாசிங்க."

மண்டபம் நிறைந்தது. ஓசெல் ஊதி ஆறு மாசத்துக்கு மேல் ஆகியிருந்ததால் எல்லாரும் அவனைத்தான் பார்த்தார்கள். முதல் பாட்டு ஜாக்கிரதையாகப் போயிற்று. இரண்டாவது, அதே பாட்டு. வேண்டுமென்றே ஓசெல்தான் அதைக் கேட்டான் என்று வின்ஃப்ரெட் பிறகு சொன்னார். அவன் தனியாக ஊதுகிற இடம் வந்தது. நான் லவானின் கையைப் பிடித்துக்கொண்டேன், அவளும் விடவில்லை. அதே நீள ஸ்வரம். மேலே போயிற்று, இன்னும் மேலே போயிற்று, அறுபடாமல் நின்று, தானாக இறங்கி வந்து முடிந்தது. மண்டபம் எழுந்து கத்தியது. ஓசெல் வாத்தியத்தை இறக்கி, கிளீவ் பக்கம் திரும்பி, தலையை அசைத்தான்.

கிளீவ் வாசிக்கவில்லை.

கை கம்பி மேல் அப்படியே நின்றது. டிரம் ஓடிக்கொண்டிருந்தது, ஆர்கன் ஓடிக்கொண்டிருந்தது, கிட்டார் மட்டும் இல்லை. அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து ஓசெலின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேஜைக்காரி, "என்னாச்சு வெர்டீன், புதுப் பெட்டி கெட்டுப்போச்சா?" என்றாள். லவான் என் கையை இன்னும் இறுக்கினாள்.

ஒரு சுற்று வெறுமனே போயிற்று. ஓசெலுக்கு அப்போதுதான் புரிந்தது. மேடையைக் கடந்து கிளீவிடம் போனான், அவர் தோளில் கை வைத்து அழுத்தி உட்கார வைத்து, குனிந்து காதில் சொன்னான். மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபத்துக்கே கேட்டது.

"நான் நல்லாத்தான் இருக்கேன் மாமா. வாசிங்க."

வாசித்தார். அன்றைக்கு மாதிரி வரவில்லை, ஒரே சுற்றில் முடித்துக்கொண்டார். கைதட்டும் கொஞ்சம்தான். அந்த லேசான பெட்டி அவர் வாசித்ததை அப்படியே, விரல் பிசகிய இடத்தைக்கூட மறைக்காமல், கொடுத்தது.

பழைய பெட்டி இன்னும் கூடத்தில்தான் கிடக்கிறது, தூக்கிக்கொண்டு போக யாரும் வருவதில்லை. மாதா மாதம் கச்சேரி நடக்கிறது. ஓசெல் இப்போதெல்லாம் தலையை அசைப்பதோடு நிறுத்துவதில்லை. ஊதி முடித்ததும் கிட்டே போய், வாயைத் திறந்து, "நல்லா இருக்கேன் மாமா" என்கிறான். அதைக் கேட்ட பிறகுதான் என் வீட்டுக்காரரின் கை கம்பியில் விழுகிறது.